கூட வந்த தண்ணீர்

மணலில் முளை நிற்கவில்லை.
அடித்த எட்டும் பால்பல் போல ஆடி விழுந்தன.
இன்னாசி நான்கு ரேஷன் சாக்கில் மணல் அள்ளி
கூடாரத்தின் மூலைக்கு ஒன்றாகக் கட்டிவிட்டு
"இப்ப வரச்சொல்லு காத்தை" என்றான்.
காற்று வரவில்லை.

சித்தணைக்குக் கீழே
போன கார்த்திகையில் ஆறு படுத்திருந்த இடத்தில்
மூவரும் படுத்தோம்.
வேலுத்தாய் நில அளவையர். இருட்டில் சொன்னாள்:
"ரெக்கார்டுல இது நீர்நிலைப் புறம்போக்கு.
இன்னைக்கு ராத்திரி நாமதான் ஆக்கிரமிப்பு."

நாலே முக்காலுக்கு ஆக்கிரமிப்பை அகற்றினார்கள்.
கரையில் ஒரு மொபெட், விடாத ஹாரன்,
டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் முகமில்லாத குரல்:
"தண்ணி தொறந்தாச்சு, மேல ஏறுங்கப்பா!"
மூன்று சாக்கை அவிழ்த்தோம்.
நாலாவது முடிச்சு இறுகிக்கிடந்தது. அறுத்துவிட்டு ஓடினோம்.

ஓடியிருக்க வேண்டியதில்லை.
இரைச்சலோடு வரும் என்று கரையில் காத்திருந்தோம்.
டீ போட்டோம், குடித்தோம்,
இன்னொரு டீ போட்டோம்.
ஆறரைக்கு,
சருகைக் கூட்டுகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டது.

அதுதான் ஆறு.
ஒரு முழ உயரத்துக்கு அழுக்கு நுரை.
வேப்பம்பழக் கொட்டை, கருவேல முள், ஒற்றைச் செருப்பு,
பந்தாகத் திரண்டு மிதக்கும் எறும்புகள்.
முன்னால் கொக்குகள்,
வளையைவிட்டுத் தப்பி ஓடும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டு
பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தன.

வேகம் எங்கள் நடைதான்.
அன்றைக்குப் போட்ட வழியெல்லாம் மறந்து
அதன் தலையோடு நடந்தோம்,
அது மணலில், நாங்கள் கரையில்.

லாரிகள் தோண்டிய பள்ளம் வந்தால்
உள்ளே இறங்கிவிடும். வெளியே வராது.
கடைக்குள் போனவருக்காகத் தெருவில் நிற்பது போல
நின்றோம்.
இன்னாசி முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.
இருபது நிமிடம் கழித்து, விளிம்பில்
மெல்ல ஒரு நாக்கு.
அப்புறம் சேர்ந்து கிளம்பினோம்.

குருவித்துறை தாண்டி
ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
கத்தினோம். திரும்பிப் பார்த்தார்கள்.
"ரெண்டு பால் இருக்குண்ணே!"
முதல் பந்து வீணாய்ப் போனது.
இரண்டாவதை மட்டைக்காரன் நேராகத்
தண்ணீருக்குள் தூக்கி அடித்தான்.
சிக்ஸா அவுட்டா என்று சண்டை போட்டபடியே
குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார்கள்.
பந்து கொஞ்ச தூரம் எங்களோடு வந்தது.

மன்னாடிமங்கலத்தில் தென்னந்தோப்பு நிழல்.
புளிச்சோறு, வறுத்த மோர்மிளகாய்.
கண்ணயர்ந்துவிட்டோம்.
விழித்தபோது
கண்ணுக்கு எட்டியவரை நனைந்து கிடந்தது ஆறு.
தலையைக் காணோம்.
வேலுத்தாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கொடிக்கால் வரப்பில் ஓடினாள்.
அளவுச்சங்கிலி பிடித்துப் பழகிய கால்
எங்களுக்காக நிற்கவில்லை.

தென்கரைப் பக்கம் பிடித்தோம்.
பாலத்தின் கைப்பிடி நெடுக ஆட்கள்.
ஸ்கூட்டரில் வந்த ஒருத்தி தலையிலிருந்த பிச்சிச்சரத்தை
உருவி எறிந்தாள்.
அது நுரைக்கு முன்னால், காய்ந்த மணலில் விழுந்தது.
ஒருவரும் பேசவில்லை.
தண்ணீர் வந்து எடுத்துக்கொண்டது.
யாரோ எங்களைக் கேட்டார்கள்: "எங்கிருந்து கூட வாரீங்க?"
ஆற்றைக் கேட்டாரா எங்களைக் கேட்டாரா தெரியவில்லை.

அன்றிரவு கூடாரம் கரையில்.
களிமண் தரை, எட்டு முளையும் நின்றன.
ராத்திரி முழுக்கக் கூடாரத்துணிக்கு வெளியே
யாரோ போய்க்கொண்டே இருக்கிற சத்தம்.

காலை பஸ்ஸில் மதுரைக்கு முக்கால் மணி நேரம்.
அதை முந்திவிட்டேன் என்பது
ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் கடை அடைத்துவிட்டு
யானைக்கல் பாலத்தில் நின்றேன்.
கீழே ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
சாக்கு எதுவும் மிதந்து வருகிறதா என்று
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
மணல் நிறைந்த சாக்கு மிதக்காது.
தெரியும்.